சேற்றுப்புண்ணில் பாக்டீரியா ஏறினால்: கால் விரலிடுக்குத் தொற்றுக்கு முழுமையான வழிகாட்டி

கால் சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் கையால் விலக்கிப் பாருங்கள். இடுக்குத் தோல் வெளுத்து, ஊறவைத்த அவல் மாதிரி சொதசொதவென்று உரிந்து வருகிறதா? தொட்டால் எரிகிறதா, வாடை அடிக்கிறதா? வடசென்னையில் இதற்கெல்லாம் ஒரே பேர்தான், சேத்துப்புண்ணு. மெடிக்கலில் போய் "அண்ணா, சேத்துப்புண்ணுக்கு ஒரு டியூப் குடுங்க" என்றால் ஒரு டியூப் வரும். சிலருக்குக் கேட்கும். பலருக்கு நாலு நாள் அடங்கிவிட்டு அஞ்சாம் நாள் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

ஒரே பேருக்குள் நாலு நோய் ஒளிந்திருப்பதுதான் சிக்கல். ஒன்று பூஞ்சை. மற்ற மூன்றும் பாக்டீரியாவால் வருபவை, அவற்றுக்குள்ளும் ஒரே மருந்து மூன்றுக்கும் கேட்காது. ஆனால் நாலுக்கும் பொதுவான மருந்து ஒன்று இருக்கிறது, அதைக் கடையில் வாங்க முடியாது. இடுக்கில் ஈரம் நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அது. அதைச் செய்யாமல் எந்த டியூப்பைத் தடவினாலும் காசு தண்டம்.

சுண்டு விரல் இடுக்கிலேயே ஏன் வருகிறது?

கால் விரல்களில் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இருக்கும். நடக்கும்போதுகூட விலகாது. காற்று போகாத அந்த இடத்தில் வியர்வையும் தண்ணீரும் தங்கிவிடும். தோலின் மேலடுக்கு ஊறி வெளுத்ததும் பூஞ்சை நுழையும். பூஞ்சை அரித்த இடத்தில் நூல் மாதிரி வெடிப்பு விழும், அந்த வெடிப்புதான் பாக்டீரியாவுக்கு வாசல்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. பூஞ்சைகளில் சில பென்சிலின் மாதிரியான பொருளைச் சுரக்கும். அதனால் சாதாரணக் கிருமிகள் செத்து, மருந்துக்கு அடங்காதவை மட்டும் அங்கே தங்கிப் பெருகும். அவை பெருகப் பெருகப் பூஞ்சை பின்வாங்கிவிடும். அந்த நேரத்தில் தோலைச் சுரண்டிப் பரிசோதனைக்குக் கொடுத்தால் 'பூஞ்சை இல்லை' என்று முடிவு வரலாம். அதை நம்பி பாக்டீரியாவுக்கு மட்டும் மருந்து போட்டு நிறுத்தினால், ஒரு மாதத்தில் பூஞ்சை திரும்பி வந்து மறுபடி வாசலைத் திறந்துவிடும். ஒரே புண் வருடம் முழுக்க வந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஊறிப்போக இந்தப் பக்கம் வழிகளுக்குப் பஞ்சமில்லை. காசிமேட்டில் மீன் ஏலத்தளத்தில் ஐஸ் உருகிய தண்ணீரில் விடியற்காலை முதல் நிற்பவர்கள், மணலி, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் பாதுகாப்புக் காலணியைப் பன்னிரண்டு மணி நேரம் கழற்றாதவர்கள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்கள், வீட்டில் துணி துவைத்து, பாத்திரம் கழுவி, கால் காயாமலே புழங்கும் பெண்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்றுவிட்டால் எல்லோருக்கும் ஒரே கதி.

முதல் வேலை: பார்ப்பது

குளிப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதல் நாள் படத்தை அழிக்க வேண்டாம், பிற்பாடு ஒப்பிட உதவும். எட்டு இடுக்கையும் பாருங்கள். நிறம், கசிவு, வாடை, வலி ஆகிய நான்கையும் கவனித்தால் பெரும்பாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

வெறும் பூஞ்சை என்றால் அரிப்புதான் முதலில் நிற்கும். தோல் வெள்ளையாக உரியும். கசிவு அதிகம் இருக்காது, வலியும் குறைவு.

அரிப்பே இல்லாமல், அல்லது லேசான அரிப்போடு, இடுக்கில் பழுப்பும் சிவப்பும் கலந்த படை, மெல்லிய செதில், கொஞ்சம் ஊறல் என்று மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் எரித்ராஸ்மாவாக இருக்கலாம். கோரினிபாக்டீரியம் என்ற கிருமியின் வேலை. தோல் மருத்துவர் இருட்டில் வுட்ஸ் விளக்கு என்ற ஊதா விளக்கைக் காட்டினால் அந்த இடம் பவழச் சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியைத் தரும் பொருள் தண்ணீரில் கரைந்துவிடும். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனால் விளக்கில் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் கழுவாமல் போங்கள்.

மூன்றாவது வகையில் வலி வரும். இடுக்கு செக்கச்செவேலென்று சிவந்து, நீரோ சீழோ கசிந்து, தேன் நிறப் பொருக்குக் கட்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற சீழ்க்கிருமிகள் இவை. காலுக்குள் ஏறி செல்லுலைட்டிஸ் என்ற பரவும் தொற்றைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் இவைதான்.

நாலாவது வகையை மூக்கே சொல்லிவிடும். சூடோமோனாஸ் என்ற கிருமி ஏறினால் திராட்சைப் பழம் புளித்த மாதிரி ஓர் இனிப்பு வாடை வரும். கசிவிலோ, நகத்தின் ஓரத்திலோ, சாக்ஸிலோ பச்சைக் கறை தெரியும். இடுக்கு முழுவதும் வெள்ளையாகக் கூழாகி, ஓரம் கிழிந்து, கால் ஊன்றவே முடியாது. மழைக்காலத்திலும், கம்பூட்ஸுக்குள் தண்ணீர் தேங்க வேலை செய்பவர்களிடமும் இது அதிகம்.

உள்ளங்காலில் அம்மைத் தழும்பு மாதிரி குட்டிக்குட்டிக் குழிகளும் தாங்க முடியாத நாற்றமும் இருந்தால் அது பிட்டட் கெரட்டோலைசிஸ், அதுவும் பாக்டீரியாதான். எரித்ராஸ்மாவுக்கான மருந்தே பெரும்பாலும் அதற்கும் கேட்கும்.

வீட்டில் கை வைக்கக் கூடாதவர்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள், கால் மரத்துப்போனவர்கள், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், யானைக்கால் வீக்கம் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்தியம் பார்க்க வேண்டாம். கழுவித் துடைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். அங்கிருந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் பிரிவில் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது என்பதற்காகக் காலைக் காட்டாமல் இருந்துவிடாதீர்கள். மாத்திரை கொண்டுவருபவரிடமே விரலிடுக்கைக் காட்டிக் கேட்கலாம்.

யானைக்கால் உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அடிக்கடி காய்ச்சல் வந்து கால் சிவந்து வீங்குவதைப் 'புழு வேலை' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விரலிடுக்கு வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியாதான் பெரும்பாலும் அதைக் கொண்டுவருகிறது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி இடுக்கைத் துடைத்து வந்தாலே அந்தக் காய்ச்சல் குறையும்.

யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரமும் உண்டு. சிவப்பு புறங்காலைத் தாண்டிக் கணுக்காலுக்கு ஏறுவது, காலில் சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடுவது, தொடை இடுக்கில் நெறி கட்டிக்கொள்வது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கருநீலக் கொப்புளம், பார்வைக்குச் சின்னப் புண்ணாக இருந்தும் பொறுக்க முடியாத வலி. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் டியூப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கிளம்பும் முன் சிவப்பின் எல்லையைப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கழுவுவதும் துடைப்பதும்

ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்ததும் ஒன்று. வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரும் சாதாரணக் குளியல் சோப்பும் போதும். சோப்பைக் கையில் நுரைத்து, விரலால் ஒவ்வோர் இடுக்கையும் மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். நார், பிரஷ், பழைய டூத்பிரஷ் எதுவும் கூடாது. உரியும் வெள்ளைத் தோலைப் பிய்த்து எடுக்காதீர்கள். அதற்கடியில் பச்சைப் புண் இருக்கும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது துடைப்பதில்தான். கால்மிதியில் இரண்டு தேய் தேய்த்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொள்வார்கள். இடுக்கு அப்படியே ஈரமாக இருக்கும். பழைய பருத்தி வேட்டியையோ புடவையையோ கைக்குட்டை அளவுக்கு எட்டுப் பத்துத் துண்டாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டின் ஓரத்தை இடுக்கில் நுழைத்து ஒற்றி எடுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். நல்ல காலை முதலில், புண் உள்ள காலைக் கடைசியில் துடையுங்கள். ஒரு தடவை பயன்படுத்திய துண்டைச் சோப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். குளித்து முகம் துடைக்கும் துண்டால் காலைத் துடைக்கக் கூடாது. அந்தத் துண்டு வழியாகப் பூஞ்சை தொடை இடுக்குக்கு ஏறிவிடும்.

துடைத்தபின் பத்து நிமிடம் காலைத் தொங்கவிட்டு ஃபேன் காற்றில் காட்டுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்ந்த காற்று மட்டும்.

கசிந்தால் மட்டும் ஊறவைப்பது

இடுக்கு வெறுமனே உரிந்து காய்ந்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம். நீர் கசிந்தால் அல்லது பச்சைக் கறை இருந்தால்தான் ஊறவைக்க வேண்டும். கால் மரத்துப்போனவர்களுக்கு இது அறவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்.

நாம் வேண்டுவது ஒரு சதவீத அசிட்டிக் அமிலம். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். 4 சதவீதம் என்றால் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர். 5 சதவீதம் என்றால் நாலு பங்கு. 250 மில்லி 4 சதவீத வினிகரோடு 750 மில்லி தண்ணீர் கலந்தால் ஒரு லிட்டர் ஆகும். அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி விரல்கள் மூழ்க வைத்தால் ஒரு காலுக்கு அது போதும். பக்கெட் நிறையக் கரைத்துக் கணுக்கால் வரை முக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. சுருக்கென்று எரியும், இரண்டு நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் காலை எடுத்துவிட்டு இன்னும் தண்ணீர் சேருங்கள்.

சூடோமோனாஸ் அமிலத்தைத் தாங்காது, அதனால்தான் வினிகர். சாதாரணச் சீழ்க் கசிவுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலும் உதவும். பத்தாயிரத்துக்கு ஒன்று என்பது கணக்கு, அதாவது நாலு லிட்டர் தண்ணீருக்கு 400 மில்லிகிராம். வீட்டுத் தராசு அதைக் காட்டாது. சில துகள்களை எவர்சில்வர் அல்லாத ஒரு குவளையில் முழுக்கக் கரைத்து, அந்தச் சாற்றைத் தண்ணீரில் சொட்டுச்சொட்டாக விட்டு, ரோஜாப்பூவின் வெளிர் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். கத்தரிக்காய் நிறம் வந்தால் அது தோலை எரிக்கும், கொட்டிவிட்டு மறுபடி கரையுங்கள். கரையாத ஒரு துகள் விரலிடுக்கில் சிக்கினாலும் புண்ணாகிவிடும். நகம் பழுப்பாவதைப் பற்றிக் கவலை வேண்டாம், வளர வளரப் போய்விடும்.

இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும், கலக்கக் கூடாது. கசிவு நின்ற நாளோடு ஊறவைப்பதையும் நிறுத்துங்கள். வழக்கமாக மூன்று முதல் ஐந்து நாளில் நின்றுவிடும். 'நல்லாத்தானே இருக்கு' என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் தோல் வறண்டு புது வெடிப்பு விழும்.

மருந்து: எதற்கு எது

எரித்ராஸ்மாவுக்கு 2 சதவீத ஃபியூசிடிக் அமில கிரீம், அல்லது 1 சதவீத கிளிண்டாமைசின் ஜெல், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு வாரம். பரவலாக இருந்தால் மருத்துவர் கிளாரித்ரோமைசின் 1 கிராமை ஒரே வேளையாகக் கொடுப்பதுண்டு. கிளோட்ரிமசோல், மைக்கோனசோல் மாதிரியான சில பூஞ்சைக் கிரீம்கள் இந்தக் கிருமியையும் ஓரளவு அடக்கும். அதனால்தான் 'பூஞ்சை மருந்திலேயே குறைஞ்சுது' என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் சிலருக்குப் பாதி குறைந்து நிற்கும், முழுக்கப் போகாது.

சீழ்க்கிருமிக்கு 2 சதவீத மியூபிரோசின் களிம்பு அல்லது ஃபியூசிடிக் அமிலம். தடவும் முன் பொருக்கை ஈரத்துணியால் ஒற்றி நனைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து பொருக்கின் மேலேயே நிற்கும். ஐந்து நாளில் நன்றாகத் தணிய வேண்டும். பத்து நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

சூடோமோனாஸுக்கு மேற்சொன்ன இரண்டு களிம்பும் வேலை செய்யாது. மியூபிரோசின் ஒரு வாரம் போட்டும் பச்சை போகவில்லை என்று வருபவர்களின் கதை இதுதான். வினிகரும் காற்றும் முதல் மருந்து. ஆழமாக இறங்கியிருந்தால் கசிவைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுத்துப் பார்த்து மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை கொடுப்பார். அதைச் சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலுள்ள தசைநார் வலித்தால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கவும் கூடும். இந்த மாத்திரைகளையெல்லாம் கடையில் கேட்டு வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவது எல்லாவற்றையும்விட மோசம்.

எந்த பாக்டீரியாவாக இருந்தாலும் அடியில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கசிவு நின்ற பிறகும் உரிதலும் அரிப்பும் தொடர்ந்தால் லூலிகோனசோல் 1 சதவீத கிரீம் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். டெர்பினாஃபைன் 1 சதவீதமும் நல்ல மருந்துதான், ஆனால் நம் நாட்டில் இப்போது அதற்கு அடங்காத பூஞ்சை நிறையப் பரவியிருக்கிறது. இரண்டு வாரத்தில் அசையவில்லை என்றால் அதையே தொடராமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாக்டீரியா மருந்தைக் காலையிலும் மாலையிலும், பூஞ்சை மருந்தை இரவு படுக்கும் முன்னும் போடலாம். இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

அளவு ரொம்ப முக்கியம். இடுக்கில் களிம்பை அப்பினால் அதுவே ஊறவைக்கும். ஓர் இடுக்குக்கு ஒரு துவரம்பருப்பு அளவு போதும், ஒரு காலின் நாலு இடுக்குக்கும் சேர்த்துக் கால் கிராம். ஒரு காலுக்கு இரண்டு வேளை போட்டால் 5 கிராம் டியூப் பத்து நாள் வரும். உங்கள் டியூப் மூன்று நாளில் தீர்ந்தால் அதிகமாகத் தடவுகிறீர்கள். தோலில் தேய்த்து மறைந்துபோக வேண்டும், வெள்ளையாகத் தெரியக் கூடாது.

தடவியபின் 2 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமுமான காஸ் துணிப் பட்டையை இரண்டாக மடித்து இடுக்கில் தளர்வாகச் செருகுங்கள். விரல்கள் ஒட்டாமல் விலகி நிற்க வேண்டும், அதுதான் நோக்கம். விரலைச் சுற்றிக் கட்டாதீர்கள், வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். பஞ்சு வேண்டாம், இழை இழையாகப் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஈரமானதும் மாற்ற வேண்டும். இரவில் காலைத் திறந்துவிட்டே தூங்குங்கள்.

அந்த ஒரு டியூப்

மூன்று மருந்து, நாலு மருந்து கலந்த கிரீம் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துத் தந்தால் டியூப்பைத் திருப்பி உட்பொருளைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன் இவற்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். போட்ட இரண்டாம் நாளே அரிப்பும் சிவப்பும் மாயமாகிவிடும், அதனால்தான் எல்லோருக்கும் அதைப் பிடிக்கிறது. அரிப்பு என்பது உடம்பு கிருமியோடு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் நிறுத்துகிறது. கிருமி நிம்மதியாகப் பரவும், தோல் காகிதம் மாதிரி மெலியும், நிறுத்திய வாரத்தில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுவருபவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டுத் தவிக்காமல் தோல் மருத்துவரிடம் டியூப்பையே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

பாட்டி வைத்தியத்துக்கு வருவோம். மருதாணி அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். காய்ந்த சேற்றுப்புண்ணில் அது பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் அதன் நிறம் சிவப்பையும் பச்சையையும் சேர்த்து மறைத்துவிடும், பரவுகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. மஞ்சளும் அப்படியே. காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதையும் திறந்த புண்ணில் வைக்காதீர்கள். தண்ணீர் கலக்காத டெட்டால், பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய் எல்லாம் தோலை வேகவைக்கும். தேங்காய் எண்ணெய் இடுக்கில் ஈரத்தை அடைத்துவைக்கும், குதிகால் வெடிப்புக்குத் தடவுங்கள், இடுக்குக்கு வேண்டாம். முகப்பவுடரைக் கொட்டினால் கசிவோடு சேர்ந்து மாவுருண்டையாகி உறுத்தும். நியோமைசின் பவுடர் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், புண் குணமாகாமல் சுற்றிலும் அரிப்போடு பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தால் பவுடரையே சந்தேகப்படுங்கள்.

செருப்பு, பூட்ஸ், வெள்ளம்

புண் ஆறும்வரை முன்பக்கம் திறந்த செருப்புதான். விரலிடுக்கில் வார் மாட்டும் ரப்பர் செருப்பு வேண்டாம், குறுக்குப் பட்டை வைத்தது நல்லது. மூடிய காலணி கட்டாயம் என்றால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள். கழற்றிய ஜோடியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைத்தால் உள் ஈரம் இழுத்துக்கொள்ளும். உள்சோலைத் தனியாக எடுத்து வெயிலில் போடுங்கள். சாக்ஸ் பருத்தியாக இருக்கட்டும், வேலை இடைவேளையில் ஒரு தடவை மாற்றுங்கள்.

மீன் வேலைக்காரர்களுக்குக் கம்பூட்ஸ் தண்ணீரைத் தடுக்கும், வியர்வையைத் தடுக்காது. உள்ளே தண்ணீர் போய்விட்டால் பூட்ஸ் இல்லாததைவிட மோசம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கவிழ்த்துக் காலைத் துடையுங்கள். இடுக்கில் வெடிப்போடு கடல்தண்ணீரில் இறங்குவதில் தனி ஆபத்து இருக்கிறது. விப்ரியோ என்ற கடல் கிருமி, குறிப்பாகக் கல்லீரல் கெட்டவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும், ஓரிரு நாளுக்குள் காலையே கருக்கிவிடும். கருநீலக் கொப்புளமும் காய்ச்சலும் கண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். கடல்தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், மருந்தே மாறும்.

வெள்ளத் தண்ணீரில் நடந்தால் வீட்டு வாசலிலேயே சுத்தமான தண்ணீரும் சோப்பும் வைத்துக் கழுவிவிட்டு உள்ளே போங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்த மாதிரி மறுபடி வந்தால், கறுப்பு எண்ணெயை மண்ணெண்ணெயால் எடுக்க வேண்டாம். சமையல் எண்ணெயைத் தடவிக் கரைத்துத் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு, இடுக்கில் எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடத்துக்கு மேல் ஆகியிருந்து, வெடிப்போ காயமோ வெள்ளத்தில் பட்டிருந்தால் ஊசி போட வேண்டுமா என்று சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வெள்ளத்தில் நடந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் சதை வலி, கண் சிவப்பு என்று வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். புண் ஆறிவிட்டாலும் 'தண்ணியில நடந்தேன்' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது குணம், எப்போது மாற்று

மூன்றாம் நாள் கசிவும் வாடையும் குறைந்திருக்க வேண்டும். ஏழாம் நாள் வலி போய், இடுக்கில் இளஞ்சிவப்புத் தோல் தெரிய வேண்டும். முதல் நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றாம் நாளும் அப்படியே இருந்தால் மருந்து தப்பு அல்லது ஈரம் போகவில்லை, முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரத்தை. ஏழாம் நாளும் அசையவில்லை என்றால் மருந்தை மாற்றி மாற்றி வாங்காமல் தோல் மருத்துவரிடம் போய்ச் சுரண்டல் பரிசோதனையும் கல்ச்சரும் செய்துகொள்ளுங்கள். இடுக்கில் வருவதெல்லாம் கிருமியுமில்லை. சோரியாசிஸும் செருப்பு ரப்பர் ஒவ்வாமையும் அங்கே வருவதுண்டு. விரல்கள் உரசும் இடத்தில் விழும் ஆணியும் ஊறிவிட்டால் பார்க்கச் சேற்றுப்புண் மாதிரியேதான் இருக்கும்.

ஆறிய பிறகும் பூஞ்சைக் கிரீமைச் சொன்ன நாள்வரை முடியுங்கள். வீட்டில் மற்றவர்களின் காலையும் ஒரு தடவை பாருங்கள். ஒரே கால்மிதி, ஒரே பாத்ரூம் என்றால் இன்னொருவர் இடுக்கிலிருந்து திரும்பி வரும்.

கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்கிறதா என்றும் பாருங்கள். பூஞ்சை அங்கே குடியிருந்தால் கிரீம் நகத்துக்குள் இறங்காது, ஒவ்வொரு மழைக்கும் அங்கிருந்து இடுக்குக்கு இறங்கி வரும். அதற்கு மருத்துவர் பார்த்து, கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்து, டெர்பினாஃபைன் 250 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று, பன்னிரண்டு வாரம் என்ற கணக்கில் கொடுப்பது வழக்கம். மாத்திரை முடிந்தாலும் நல்ல நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். பிப்ரவரி, மார்ச்சில் ஆரம்பித்தால் மழை இறங்கும் முன் மாத்திரையாவது முடிந்திருக்கும்.